மதுரை மலைகளுக்குப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், அப்புறம் ஒரு ஜிகர்தண்டா என்று ஒரே நாளில் மதுரையை முடித்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். நகரைச் சுற்றியுள்ள குன்றுகளில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் எழுத்துகள் வெட்டவெளியில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்களும், தங்கள் ஊர் மலையை நாலு பேருக்குத் தெரியப்படுத்த விரும்பும் கிராமத்துக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அந்த மலைகளில் அப்படி என்னதான் இருக்கிறது?

இயற்கையான குகைகளும் பாறை இடுக்குகளும் இருக்கின்றன. அவற்றின் தரையில், சமணத் துறவிகள் தங்குவதற்காக, ஒருவர் நீட்டிப் படுக்கிற அளவுக்கு வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளைப் பார்க்கலாம். பலவற்றில் தலை வைக்கும் இடம் சற்று மேடாக, தலையணை மாதிரி இருக்கும். ஊர்க்காரர்கள் 'சமணர் படுகை' என்பார்கள். சில ஊர்களில் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பதுதான் வழக்கம். மழைத் தண்ணீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் நீளமாகக் காடி (பள்ளமான கோடு) வெட்டியிருப்பார்கள். அந்தக் காடிக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கும். யார், யாருக்காக இந்த இடத்தைச் செய்துகொடுத்தார் என்று ஒன்றிரண்டு வரிகள், அவ்வளவுதான்.

அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, ஏறத்தாழ 9, 10ஆம் நூற்றாண்டுகளில், அதே மலைகளில் சமண சமயத்தின் குருமார்களான தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களை வெட்டி, கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர் பொறித்தார்கள். ஒரே பாறையில் இந்த இரண்டு காலங்களையும் சேர்த்துப் பார்க்க முடிகிற இடங்கள் உண்டு.

முதல் தடவை போகிறேன். எந்த மலைக்குப் போகலாம்?

கீழக்குயில்குடிக்குப் போங்கள். மதுரையிலிருந்து தேனி சாலையில், நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே இருக்கிறது. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். குழந்தைகளையும் பெரியவர்களையும் நிழலில் உட்கார வைக்கலாம். மலைக்குச் சமணர்மலை என்று பெயர்.

ஒரு பக்கம் செட்டிப்புடவு. முக்குடைக்குக் கீழே அமர்ந்த பெரிய மகாவீரர் சிற்பம் அங்கே இருக்கிறது. குகைக்குள் போய் மேலே பாருங்கள். சிங்கத்தின் மீதிருக்கும் ஒரு பெண், யானை மீது வரும் வீரனோடு போரிடுகிறாள். பலர் மகாவீரரைப் படம் எடுத்துவிட்டு இந்தச் சிற்பத்தைப் பார்க்காமலேயே இறங்கிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். சுனைக்குப் பக்கத்தில் 8 சிற்பங்கள் வரிசையாக இருக்கும். பாகுபலியும், தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதரும் அதில் உண்டு. அதற்கும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற கோயிலின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் தன் அரசி வானவன்மாதேவி பெயரில் எழுப்பிய சமணப் பள்ளி அது.

அடுத்ததாக யானைமலை. ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கம் போகிற வழி. கி.பி. 770இல் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கி, அவர் தம்பி மாறன் எயினன் முடித்த நரசிங்கப் பெருமாள் குடைவரை (பாறையைக் குடைந்து செய்த கோயில்) அங்கே இருக்கிறது. சமணச் சிற்பங்களில் பழைய வண்ணப்பூச்சின் தடம் இன்னும் தெரிகிறது.

மாங்குளம், கீழவளவு, கிடாரிப்பட்டி, அரிட்டாபட்டி ஆகியவற்றை மூன்றாவது, நான்காவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் நாலு மலை என்று திட்டம் போட்டால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

இவற்றைச் செய்துகொடுத்தவர்கள் யார்? மன்னர்களா?

மன்னர் குடும்பத்துக்கு நெருக்கமானவர்களும் உண்டு. மாங்குளத்தில், கணி நந்தன் என்ற துறவிக்காக நெடுஞ்செழியனின் பணியாளரான கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், செய்துகொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். 1882இல் ராபர்ட் சீவெல் அந்தக் குகைகளைப் பற்றி முதலில் வெளியுலகுக்குச் சொன்னார். அங்குள்ள எழுத்துகள் தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய அய்யர் 1924இல் படித்துக்காட்டினார். அதே மலையில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழுவும் கொடை தந்திருக்கிறது.

எனக்கு அதிகம் பிடித்தது அழகர்மலை. கிடாரிப்பட்டிப் பக்கமாக ஏறவேண்டும். அங்கே தங்கள் பெயரை விட்டுச்சென்றவர்களில் உப்பு வணிகன் ஒருவர், துணி விற்ற அறுவை வணிகன் ஒருவர், ஏருக்குக் கொழு விற்றவர் ஒருவர், மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். சங்க காலத்து மதுரைக் கடைத்தெருவே அந்தப் பாறையில் வரிசை கட்டி நிற்கிறது. கீழவளவில் தொண்டியைச் சேர்ந்த ஒருவர் கொடுத்திருக்கிறார். கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அந்தக் கல்வெட்டின் எழுத்துகள் வலமிருந்து இடமாக, தலைகீழாக இருக்கும். போகிறவர்கள் பொறுமையாகப் பாருங்கள்.

அரிட்டாபட்டியில் கொடை தந்தவரின் ஊராக ஒரு கல்வெட்டு நெல்வேலியையும், 2003இல் கண்டுபிடித்த இன்னொன்று இலஞ்சியையும் சொல்கின்றன. இலஞ்சி என்பது தென்காசிப் பக்கம் இன்றும் இருக்கிற ஊர்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பிற்காலச் சிற்பங்களில் அடிக்கடி எதிர்ப்படும் பெயர் அச்சணந்தி. யானைமலை, அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், அரிட்டாபட்டி என்று பல மலைகளில் திருமேனி செய்வித்த துறவி அவர். பேச்சிப்பள்ளத்தில் அவருடைய தாய் குணமதியாரின் பெயரும் இருக்கிறது.

போய் நின்றால் எழுத்தே தெரியவில்லை. எப்படிப் பார்ப்பது?

நேரம்தான் காரணம். உச்சி வெயில் நேராக விழும்போது பாறை முழுக்க ஒரே நிறமாகிவிடும். காலை 7 மணி வாக்கில், அல்லது சாயங்காலம், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வெட்டின் ஓரத்தில் நிழல் தங்கும்; எழுத்து எழும்பி வரும். நிழலான இடமாக இருந்தால் கைவிளக்கைப் பாறையோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முதலில் காடியைக் கண்டுபிடியுங்கள், பிறகு அதை ஒட்டியே கண்ணை நகர்த்துங்கள். 'ம', 'ன', 'க' இந்த மூன்று பிராமி எழுத்துகளை வீட்டிலேயே எழுதிப் பழகிக்கொண்டு போனால் போதும். பிள்ளைகள் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை நிரப்பிப் படம் எடுக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது, விரலால் தேய்ப்பது எல்லாமே பாறையின் மேல்பரப்பைக் கெடுக்கும். தொல்லியல் ஆய்வாளர்கள் ஈரத் தாளை ஒற்றி மைப்படி எடுப்பதைப் பார்த்துவிட்டு நாமும் முயன்று பார்ப்பதும் கூடாது. அது பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்கிற வேலை.

சமணச் சின்னம் இருக்கும் மலையில் ஊர்க்காரர்கள் அய்யனாரைக் கும்பிடுகிறார்களே?

ஆமாம், அதனால்தான் இவற்றில் பலவும் இன்றைக்கும் இருக்கின்றன. கோயில் மலை என்பதால் கல் எடுக்கக் கை கூசும், மரத்தை வெட்டமாட்டார்கள், சுனையில் செருப்போடு இறங்கமாட்டார்கள். அரிட்டாபட்டியிலேயே பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை ஒன்று இருக்கிறது. சிவனின் ஒரு வடிவமான, தமிழ்நாட்டில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பம் அதில் உண்டு. அதே ஊரில் கழிஞ்சமலையில் பிராமி எழுத்தும் தீர்த்தங்கரர் சிற்பமும் இருக்கின்றன. நரசிங்கத்தில் மாசி மாதம் கஜேந்திர மோட்சத் திருவிழா நடக்கும்.

அதனால் பாறைச் சிற்பத்தைப் பார்க்கப் போகிறவர் அடிவாரக் கோயிலை ஒரு தடங்கல் மாதிரி நினைக்கக் கூடாது. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். பூசை நடந்தால் காத்திருங்கள். மகாவீரரை ஊர்ப் பாட்டி வேறொரு பெயரில் அழைத்தால் அவரைத் திருத்தப் போகாதீர்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். கல்வெட்டுப் புத்தகத்தில் இல்லாத கதை கிடைக்கும்.

அரிட்டாபட்டி பெயரைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். அங்கே என்ன நடந்தது?

மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊர். கழிஞ்சமலை, இராமாயி மலை, தேன்கூடு மலை, கூகைகத்தி மலை என்று சுற்றிலும் குன்றுகள். அவற்றிலிருந்து இறங்கும் தண்ணீர் கண்மாய்களுக்குப் போகிறது. ஆனைகொண்டான் கண்மாய் அதில் முக்கியமானது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிக் கழுகு மூன்றும் இந்தப் பாறைகளில் இருப்பது பறவை பார்ப்பவர்களுக்குப் பெரிய விஷயம். தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு எல்லாம் உண்டு.

மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் பலவும் கிரானைட் குவாரிகளால் சிதைந்தன என்பது தெரிந்த கதை. அந்த முறைகேடுகளை விசாரிக்க 2014இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் மலைக்குக் குவாரி வரப் பார்த்தபோதே எதிர்த்து நின்றார்கள். பறவைகளைப் பதிவு செய்தார்கள், வெளியூர்க்காரர்களை அழைத்து வந்து காட்டினார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

அதோடு முடியவில்லை. 2024 நவம்பரில், இந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்குப் போனது. சுமார் 20 சதுர கிலோமீட்டர். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், கடையடைப்பு நடந்தது. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பெரும் கூட்டம் மதுரைக்குப் பேரணியாக வந்தது. ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

பாரம்பரியச் சுற்றுலா பற்றிப் பேசும்போது நான் எப்போதும் அரிட்டாபட்டியைச் சொல்வது இதனால்தான். மலையில் என்ன இருக்கிறது என்று ஊரில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகூட வல்லூறையும் கல்வெட்டையும் கைகாட்டிச் சொல்லும். வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அந்த ஊருக்கு ஆபத்து என்றதும் அவர்களும் பேசினார்கள். இதே மலை யாருக்கும் தெரியாத மலையாக இருந்திருந்தால் வரைபடத்தில் ஒரு தரிசுப் புள்ளியாகத்தான் இருந்திருக்கும்.

இது அரிட்டாபட்டியில் மட்டும்தான் நடந்ததா?

இல்லை. 2010 வாக்கில் யானைமலையைச் செதுக்கிச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தது. சுற்றுலாவை வளர்ப்பதுதான் நோக்கம். நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் ஒன்றாக எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஏற்கெனவே சிற்பமும் கல்வெட்டும் இருக்கிற மலையை உடைத்துப் புதுச் சிற்பம் செய்வது என்ன நியாயம் என்ற அவர்கள் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில்தான் மதுரையில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணனும் நண்பர்களும் 'பசுமை நடை'யைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மலைக்கோ பழைய ஊருக்கோ கூட்டமாகப் போய், அந்த இடத்திலேயே வரலாற்றைக் கேட்பது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறைக்கு முன்னால் நின்று கல்வெட்டைப் படித்துச் சொல்லும்போது, ஆட்டோ ஓட்டுபவரும் கல்லூரிப் பேராசிரியரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். விடுதி, விளம்பரம், நுழைவுச்சீட்டு எதுவும் கிடையாது. மதுரைக்காரர்களுக்கே மதுரையைக் காட்டிய வேலை அது. ஒரு வட்டாரம் தன் வரலாற்றைத் தானே எடுத்துச் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வழிகாட்டி வேண்டுமா? பணம் எவ்வளவு கொடுப்பது?

கீழக்குயில்குடியைத் தனியாகப் பார்த்துவிடலாம். மற்ற இடங்களுக்கு ஊர்க்காரர் ஒருவர் இல்லாமல் போகாதீர்கள். பாதை கிளை பிரியும், குகை வாசல் புதருக்குள் இருக்கும். அதைவிட, ஊருக்குச் சொல்லாமல் மலை ஏறுகிற வெளியாட்கள் மீது அங்கே சந்தேகம் வருவது இயல்பு. புதையல் தோண்ட வந்தவர்களையும், கல் எடுக்க அளவு பார்க்க வந்தவர்களையும் பார்த்தவர்கள் அவர்கள்.

முதலில் டீக்கடையில் நின்று, எங்கிருந்து வருகிறோம், எதற்கு வருகிறோம் என்று சொல்லுங்கள். யாராவது ஒரு அண்ணன் கூட வருவார். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார் என்பதால், அந்த ஊரில் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். பலர் வாங்க மறுப்பார்கள். அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ ஏதாவது செய்துவிட்டு வரலாம். சாப்பாட்டை மதுரையில் கட்டிக்கொண்டு வருவதைவிட, முந்தின நாளே சொல்லிவைத்து அந்த ஊரிலேயே சமைக்கச் சொல்லுங்கள்.

என்ன கொண்டுபோக வேண்டும்? எந்த மாதம் நல்லது?

மார்கழியும் தையும். கோடையில் காலை 9 மணிக்கே பாறை சுடும். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும், போகாதீர்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானம் உள்ள செருப்பு. பெரும்பாலான மலைகளில் கழிப்பறையும் கடையும் கிடையாது. பெண்களும் பிள்ளைகளும் வந்தால் அடிவார ஊரில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

பெயர் செதுக்கினால் தண்டனை உண்டா?

உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படிப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கற்படுக்கைகளில் காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும் பெயின்டில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது. யாராவது செய்வதைக் கண்டால் சண்டை போடாமல் படம் எடுத்து, ஊராட்சித் தலைவருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள்.

பறவைகளைப் படம் எடுத்துப் போடலாமா?

படத்தைப் போடுங்கள், கூடு இருக்கும் இடத்தைப் போடாதீர்கள். வல்லூறு முட்டையிடும் காலத்தில் அந்தப் பாறைப் பக்கமே போகவேண்டாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஊரிலும் ஒரு மலை இருக்கிறது. கல்வெட்டு மாதிரி ஏதோ தெரிகிறது. நாங்களும் ஆட்களை வரவழைக்க முடியுமா?

முடியும். ஆனால் ஆட்களை வரவழைப்பது கடைசி வேலை. அவசரப்பட்டு முகப்பு வளைவு கட்டி, பாறைக்குப் பெயின்ட் அடித்து, சிமென்ட் மேடை போட்ட இடங்களில் இருந்ததும் கெட்டுப்போனது.

முதலில் எதையும் தொடாமல் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, காலை வெளிச்சத்தில். மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அருகில் உள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறைக்கும் சொல்லுங்கள். படித்துச் சொல்ல ஆள் வரும்வரை, இத்தனை ஆயிரம் வருடம் பழையது என்று நீங்களாக ஒரு எண்ணைப் பரப்பாதீர்கள். பிறகு திருத்தவே முடியாது.

அடுத்தது ஊருக்குள் செய்ய வேண்டியது. மலையில் ஒவ்வொரு சுனைக்கும் பாறைக்கும் பெயர் இருக்கும். ஆடு மேய்த்தவர்களுக்கும் தேன் எடுத்தவர்களுக்கும்தான் அவை தெரியும். அவர்களை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். எந்தக் கண்மாய்க்கு எந்த ஓடை வழியாகத் தண்ணீர் வருகிறது, மீன்பிடித் திருவிழா எப்போது, அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்பில் எந்த வீட்டுக்கு என்ன முறை, இதெல்லாம் அதே நோட்டில் வரட்டும். உயிரினங்களுக்காக ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊர்ப் பதிவேட்டை எடுத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கிராம சபையில் வைத்து, இந்த இடம் எங்களுக்கு முக்கியம் என்று தீர்மானம் எழுதுங்கள். நாளைக்கு ஒரு குவாரி உரிமம் வந்தால் கையில் இருக்கப்போகிற முதல் ஆவணம் அதுதான்.

பிறகு உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை மேலே கூட்டிப்போங்கள். வெளியூர்க்காரர் வருவதற்கு முன்னால் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒருதடவையாவது அந்தக் கல்வெட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவர்களில் நன்றாகப் பேசக்கூடிய நாலைந்து பேர் அடுத்த சில வருடத்தில் வழிகாட்டிகளாக வருவார்கள். பெண்பிள்ளைகளையும் சேருங்கள், வரும் கூட்டத்தில் பாதி பெண்கள்தான்.

அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு, முப்பது பேருக்கு மேல் வேண்டாம் என்று ஆரம்பியுங்கள். திருவிழா நாளிலும் அறுப்பு நாளிலும் வேண்டாம். சாப்பாட்டை மகளிர் குழுவிடம் கொடுங்கள். வருகிற பணத்தில் எவ்வளவு வழிகாட்டிக்கு, எவ்வளவு சமைத்தவர்களுக்கு, எவ்வளவு ஊர்ப் பொதுவுக்கு என்பதை முதல் நடைக்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் எழுதிவைத்துவிடுங்கள். நல்ல முயற்சிகள் பல இந்தக் கணக்கில் தகராறு வந்துதான் நின்றுபோயிருக்கின்றன.